மூன்று நாள் போகாத வாசனை

கடைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்குச் சரக்கைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. எந்தப் பாட்டில் எந்தத் தட்டில் இருக்க வேண்டும், மூடியை எப்படித் திறக்க வேண்டும், எத்தனை சொட்டு காட்ட வேண்டும் என்பதெல்லாம் ஒரே வாரத்தில் கைக்கு வந்துவிடும். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று வாய் திறப்பது மட்டும் அவ்வளவு சீக்கிரம் வராது. எனக்கு வர நாலு வருஷம் ஆனது. வந்துவிட்டது என்று நினைத்த சமயத்தில்தான் இது நடந்தது.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. போடி கடைவீதியில் ஒரு வாசனைச் சாமான் கடையில் நான் விற்பனைக்கு நின்றேன். மதுரையிலிருந்து பிழைக்க வந்தவன். வயது இருபத்தெட்டு. கடையில் சோப்பு, பவுடர், ஊதுபத்தி, அத்தர் எல்லாம் உண்டு. ஆனாலும் எங்கள் கடைக்குப் பேர் வந்தது கண்ணாடி அலமாரியில் இருந்த இரண்டு வெளிநாட்டு சென்ட்டுகளால். அதில் என்ன எழுதியிருந்தது என்று எங்களில் யாருக்கும் படிக்கத் தெரியாது. கழுத்து நீண்டதை 'நெட்டை' என்போம், மற்றதைச் 'சதுரம்' என்போம். நெட்டை மெல்லிய வாசனை. மழை பெய்த மறுநாள் காலையில் பூந்தோட்டம் பக்கம் நடந்த மாதிரி இருக்கும். சதுரம் கனமானது, சந்தனமும் கிராம்பும் கலந்த மாதிரி. மலைமேல் எஸ்டேட் வைத்திருப்பவர்கள் வீட்டிலும் ஏலக்காய் வியாபாரிகள் வீட்டிலும் இந்த இரண்டில் ஒன்று இருக்கும்.

இரண்டுக்கும் பம்பாயிலிருந்து மாற்றுச் சரக்கு வந்தது. நெட்டைக்கு ஒரு மாற்று, சதுரத்துக்கு ஒரு மாற்று. விலை ஐந்தில் ஒரு பங்கு. முதல் மூச்சில் மோந்து பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அடியில் கருப்பட்டி தீய்ந்த மாதிரி ஒரு நெடி வரும். அந்த நெடியைக் கொடுக்கும் மருந்துதான் வாசனையைத் துணியோடு ஒட்டவைப்பதும். ஒட்டினால் லேசில் விடாது. அதை நான் ஒரு பெருமையாகவே சொல்லி விற்றேன். "மூணு நாளைக்குப் போகாது" என்று சொன்னால் வாங்காதவர்கள் குறைவு.

ஒரு சனிக்கிழமை காலை வெள்ளத்தாய் வந்தாள். அப்போது எனக்கு அவள் பேர் தெரியாது. இருபத்தைந்து வயது இருக்கும். நூல் சேலை, ஓரம் கிழிந்து தைத்திருந்தது. நேராக அலமாரியைக் காட்டி, "அந்த ரெண்டையும் மோந்து பாக்கலாமாண்ணே?" என்றாள்.

காட்டினேன். சதுரத்தை முகர்ந்ததும் முகத்தைத் தள்ளிக்கொண்டாள். நெட்டையை முகர்ந்துவிட்டுக் கண்ணை மூடினாள். திரும்ப ஒருமுறை முகர்ந்தாள்.

"இதுதாண்ணே. இதுல ரொம்பச் சின்னப் பாட்டில் என்ன வெல?"

சொன்னேன். அவள் அதிரவில்லை. இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தாள். அதற்குள் நான் குறுக்கிட்டேன். அவள் சேலை ஓரத்தைப் பார்த்துவிட்டு, இந்தப் பெண்ணை இவ்வளவு செலவு செய்ய விடுவது பாவம் என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டேன்.

"ஆத்தா, எதுக்கு இம்புட்டுக் குடுக்குற? இதே வாசனை, இந்தா, அஞ்சுல ஒரு பங்கு வெலக்கி இருக்கு. நீ கேட்டது சாயங்காலமே போயிரும். இது மூணு நாளைக்குப் போகாது."

"மூணு நாளா?"

"துவைச்சாலும் நிக்கும்."

அவள் இரண்டு பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. நான் அதற்குள் மாற்றைத் தாளில் சுற்றிவிட்டேன். வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அன்று முழுக்க எனக்கு மனசு நிறைவாக இருந்தது. ஒரு ஏழைப் பெண்ணின் காசை மிச்சம் பிடித்துக் கொடுத்தவன் அல்லவா.

செவ்வாய்க்கிழமை காலை கடை திறந்து பெருக்கிக்கொண்டிருந்தேன். அவள் வாசலில் நின்றாள். படியேறவில்லை. தலை ஈரமாக இருந்தது. கையெல்லாம் தேய்த்துத் தேய்த்துச் சிவந்திருந்தது.

"அண்ணே, இது எப்படிப் போகும்?"

"எது?"

"நீங்க குடுத்தது. சீயக்கா போட்டேன், சாம்பல் போட்டேன், புளி கரைச்சுத் தேய்ச்சேன். போகமாட்டேங்குது."

அப்போதுதான் அவள் வேலையைச் சொன்னாள். சிலமலையிலிருந்து தினம் நடந்து வந்து, சவரிமுத்து அய்யாவின் கிட்டங்கியில், ஏலக்காய்ச் சரக்கு வைக்கிற கிடங்கில், காய் பொறுக்குகிறவள். பச்சைக் காய், வெளுத்த காய், வெடித்த காய் என்று சுளகில் போட்டுக் கையால் பிரிக்கிற சோலி. ஏலக்காய் பக்கத்தில் இருக்கிற எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். சனிக்கிழமை பூசிக்கொண்டதை ஞாயிற்றுக்கிழமை இரண்டு தடவை குளித்துக் கழுவிவிட்டு, போய்விட்டது என்று நினைத்துத் திங்கட்கிழமை வேலைக்குப் போயிருக்கிறாள். இன்று காலை கணக்குப்பிள்ளை ஒரு கூடையைத் திறந்ததும் சென்ட் வாசனை அடித்திருக்கிறது. யார் என்று கேட்டிருக்கிறார்கள். அவளே நான்தான் என்று சொல்லியிருக்கிறாள்.

"முப்பது கூடைக்கு மேலண்ணே. நேத்து நாங்க பொறுக்குன அம்புட்டையும் ஒதுக்கி வச்சிட்டாங்க. வடக்கேயிருந்து வாங்குறவரு இன்னைக்கு மத்தியானம் வர்றாரு. அய்யா என்னைய வெளிய நிக்கச் சொல்லிட்டாரு."

நான் போடியில் நாலு வருஷம் இருந்தவன். தினமும் காலையில் கிட்டங்கிகளுக்குக் கூட்டம் கூட்டமாகப் பெண்கள் போவதைக் கடை வாசலிலிருந்து பார்ப்பேன். ஒருத்தி தலையிலும் பூ இருக்காது. மல்லிகை மலிந்து கிடக்கிற ஊரில் ஏன் இப்படி என்று ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை. பூவே ஆகாத இடத்துக்குப் போகிறவளிடம் மூன்று நாள் போகாத சென்ட்டை விற்றிருக்கிறேன்.

உள்ளே போய் முதலாளியிடம் சொன்னேன். "நான் போய் அந்த அய்யாகிட்ட, தப்பு என்னோடதுன்னு சொல்லிட்டு வர்றேன்."

எங்கள் முதலாளி அதிகம் பேசமாட்டார். "ஒத்துக்கப் போறியா, உதவப் போறியா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"ஒத்துக்க மட்டும் போறதுன்னா இன்னைக்குப் போகாத. மத்தியானத்துக்குள்ள சரக்கு கை மாறணும் அவருக்கு. ஒன் பாவத்தக் கேக்க அவருக்கு நேரம் கிடையாது. அது ஒன் மனசு ஆறுறதுக்கு. அவருக்கு உன்னால என்ன ஆகும்னு யோசிச்சுப் பாரு. ஆகும்னா போ. நாளைக்கு வேணா மன்னிப்புக் கேட்டுக்க."

நின்று யோசித்தேன். முப்பது கூடையும் கெட்டிருக்க முடியாது. ஒருத்தி கை எத்தனை கூடையில் பட்டிருக்கும்? ஆனால் எது கெட்டது, எது கெடவில்லை என்று ஏலக்காய்க்குள்ளேயே இருக்கிறவர்களால் பிரிக்க முடியாது. அந்தக் கருப்பட்டி நெடியை எங்கே இருந்தாலும் கண்டுபிடிக்கிற மூக்கு ஊரில் என்னுடையது ஒன்றுதான்.

"மூக்கு இருக்கு" என்றேன்.

"அப்பக் குளிச்சிட்டுப் போ" என்றார் முதலாளி. நானே ஒரு நடமாடும் சென்ட் பாட்டில் என்பது அவர் சொல்லித்தான் எனக்கு நினைவு வந்தது. கடைக்குப் பின்னால் கிணற்றடியில் தலைக்குக் குளித்தேன். வெயிலில் காய்ந்துகொண்டிருந்த தன் வேட்டி ஒன்றையும் துண்டையும் எடுத்துக் கொடுத்தார்.

அப்படியும் கிட்டங்கி வாசலில் காவல்காரப் பெரியவர் என்னை நிறுத்தினார். குனிந்து என் தலையை மோந்தார். "இன்னும் அடிக்குது அப்பு. அந்தா தண்ணித் தொட்டி இருக்கு." அங்கே இரண்டாவது தடவை குளித்தேன். எனக்குப் பின்னால் வந்த வெள்ளத்தாய் தெருவுக்கு எதிர்ப்பக்கம் போய், ஒரு சுவரோரம் நின்றுகொண்டாள். கிட்டங்கிக்கு வருகிற காற்றுக்கூடத் தன்மேல் பட்டு வரக்கூடாது என்று பார்த்து நின்ற மாதிரி இருந்தது.

சவரிமுத்து அய்யா ஐம்பது வயதுக்காரர். கோபப்பட்டுக் கத்துகிற ஆள் இல்லை. நான் வந்த விஷயத்தைச் சொன்னதும், "நாங்க காலையிலருந்து மோந்து பாக்குறோம் தம்பி" என்றார். "மொதல்ல ஒரு கூடையிலதான் தெரிஞ்சுச்சு. இப்ப எல்லாத்துலயும் இருக்கிற மாதிரியே இருக்கு. சந்தேகம் வந்துட்டா மூக்கும் அது பின்னாலயே போகுது. நல்லதையும் கெட்டதையும் சேத்துக் குடுத்தா என் பேரு போயிரும். அம்புட்டையும் நிறுத்தி வச்சா வந்தவரு வேற எடத்துல வாங்கிட்டுப் போயிருவாரு."

"நான் ஒவ்வொண்ணாப் பாத்துச் சொல்றேன்யா. ஒரு கூடைக்கும் அடுத்த கூடைக்கும் நடுவுல நான் வெளிய போயி மூச்சு விட்டுட்டு வரணும்."

"நேரம் ஆகுமே."

"ஆகும்யா."

அவர் தலையசைத்தார்.

ஒவ்வொரு கூடையிலும் நடுவில் கையை விட்டு, அடிக்காயை எடுத்து, உள்ளங்கையில் வைத்து மூடி, சூடு ஏறியதும் திறந்து முகர்ந்தேன். முதல் நாலு கூடை சுத்தம். ஐந்தாவதில் கருப்பட்டி நெடி இருந்தது. அதை ஒதுக்கினார்கள். பிறகு ஐந்தாறு கூடை சுத்தம். பதினொன்றாவதில் மறுபடி இருந்தது. நான் வேண்டாம், சரி என்று சொல்லச் சொல்ல, கணக்குப்பிள்ளை கூடைகளில் சுண்ணாம்பால் அடையாளம் வைத்துக்கொண்டே வந்தார். ஜன்னல் வழியாகத் தெரு தெரிந்தது. வெள்ளத்தாய் அதே சுவரோரம் நின்றாள். உட்காரவே இல்லை.

இருபத்து மூன்றாவது கூடைக்கு வந்தபோது எனக்கு எதுவும் தெரியவில்லை. முகர்கிறேன், ஏலக்காய் வாசனைகூட வரவில்லை. வெறும் காற்று மாதிரி இருக்கிறது. இன்னொரு கை எடுத்து முகர்ந்தேன். இப்போது இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

"என்ன தம்பி, இருக்கா இல்லையா?" என்றார் அய்யா. "வெரசாச் சொல்லுங்க. அவரு பஸ்சு எறங்கிட்டாராம்."

அந்த நிமிஷத்தை உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். இல்லை என்று சொல்லிவிட எனக்கு ஆசையாக இருந்தது. கெட்ட கூடை இரண்டோடு நின்றால் வெள்ளத்தாய் மேல் வருகிற கோபமும் குறையும், என் மேல் இருக்கிற பழியும் குறையும். இருக்கிறது என்று சொல்வதும் எளிதுதான். ஒரு நல்ல கூடை வீணாகும், ஆனால் என் வாக்கு பத்திரம். இரண்டுமே என் மூக்கு சொன்னது இல்லை.

"தெரியலைய்யா" என்றேன். "மூக்கு அசந்துபோச்சு. கால் மணி நேரம் குடுங்க."

கணக்குப்பிள்ளை முணுமுணுத்தார். "இதுக்குத்தான் இம்புட்டு நேரமா?" என்று அவர் சொன்னது எனக்கும் கேட்டது. அய்யா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "வர்றவருக்குக் காப்பி வாங்கிக் குடுத்து உக்கார வைங்க" என்று கணக்குப்பிள்ளையிடம் சொன்னார்.

நான் பின்வாசலில் போய் உட்கார்ந்தேன். முழங்கையின் உள்பக்கத்தில் மூக்கை வைத்து என் உடம்பு வாசனையையே முகர்ந்துகொண்டிருந்தேன். மூக்குக்கு அதைவிட நல்ல ஓய்வு கிடையாது, இதை வேண்டுமானால் சரக்குப் பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். எதிரே போடிமெட்டுப் பக்கம் மலையில் மேகம் இறங்கியிருந்தது. எதையும் யோசிக்காமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுந்து போய் இருபத்து மூன்றாவது கூடையில் கையை விட்டேன்.

இருந்தது. லேசாக, ஆனால் சந்தேகமில்லாமல் இருந்தது.

"இதுலயும் இருக்குய்யா."

அய்யா அந்தக் கூடையைத் தன் கையாலேயே நகர்த்தி வைத்தார். மீதியெல்லாம் சுத்தம். மூன்று கூடை போக மற்றதை வடக்கத்திக்காரர் முகர்ந்து பார்த்து, எடுத்துக்கொண்டு போனார்.

அவர் போன பிறகு சவரிமுத்து அய்யா என்னிடம் கேட்டார். "தெரியலைன்னு ஏன் சொன்னீங்க? இருந்த அவசரத்துல நீங்க எதச் சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருப்பேனே."

"அப்ப நெசமாவே தெரியலைய்யா, அதான்."

அவர் சிரித்துக்கொண்டார். "அந்தப் பிள்ளைய வேலைய விட்டு நிறுத்தல. வாசனை போனதும் வரட்டும். ஆனா போச்சா இல்லையான்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும். நீங்க சரின்னு சொல்லி அனுப்புனா உள்ள விடுவேன்."

எனக்கு வந்த தண்டனைகளிலேயே அதுதான் பெரியது. தினமும் காலையில் வெள்ளத்தாய் கடை வாசலுக்கு வருவாள். முந்தானை நுனியை நீட்டுவாள், தலைமுடி நுனியைக் காட்டுவாள். முகர்ந்துவிட்டு, "இன்னும் இருக்கு ஆத்தா" என்பேன். அவள் தலையாட்டிவிட்டு, ராசிங்காபுரத்துப் பக்கம் களை எடுக்கப் போய்விடுவாள். அந்தக் கூலி கிட்டங்கிக் கூலியைவிடக் குறைவு. மூன்றாம் நாள் நான் கொஞ்சம் பணம் எடுத்து நீட்டினேன்.

"வேணாம்ணே. சரியா மோந்து சொல்லுங்க. அது போதும்."

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ கேட்டேன், இதை எதற்காக வாங்கினாய் என்று. முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"எங்க வீட்டுக்காரரு மேல எஸ்டேட்ல காய் காய வைக்கிற ஸ்டோர்ல இருக்காரு. பகலும் ராத்திரியும் ஏலக்காப் பொகையிலதான். மாசத்துக்கு ஒருக்கா ஜீப்பு பிடிச்சு எறங்கி வருவாரு. போன மாசம் வந்தவரு, 'அங்கயும் ஏலக்கா, இங்கயும் ஏலக்காதானா'ன்னாரு. சிரிச்சுக்கிட்டுத்தாண்ணே சொன்னாரு. எனக்குத்தான் ஒரு மாதிரி ஆயிருச்சு. ஒரே ஒரு நாளைக்காவது வேற வாசனை வரட்டும்னு சேத்து வச்சேன்."

"ஒரே ஒரு நாளைக்கு" என்றேன்.

"ஆமா. மறுநா போயிறணும். அதத்தான் அன்னைக்கு உங்ககிட்டக் கேக்க வந்தேன். நீங்க சுத்திக் குடுத்துட்டீங்க."

"அவரு என்ன சொன்னாரு?"

"விடிய விடியத் தும்முனாரு" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள்.

ஒன்பதாம் நாள் முகர்ந்தபோது சேலையில் மண் வாசனையும் வெயில் வாசனையும்தான் இருந்தது. அவசரப்படாமல் கொஞ்ச நேரம் வெளியே நின்றுவிட்டு வந்து இன்னொரு தடவை பார்த்தேன். "போச்சு ஆத்தா. போ" என்றேன். அவள் கிட்டங்கிப் பக்கம் கிட்டத்தட்ட ஓடினாள்.

அன்றிலிருந்து நான் மாற்றுச் சரக்கு விற்பதை நிறுத்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அதைத் தேடி வருகிறவர்கள் உண்டு, அவர்களுக்கு அதுதான் சரி. கல்யாண வீட்டில் மூன்று நாள் சமையலறைப் புகையில் நிற்கிறவருக்கு நெட்டையைக் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் ஏமாந்துபோவார். எது உசத்தி, எது மட்டம் என்பது பாட்டிலுக்குள் மட்டும் இருப்பதில்லை. வருகிறவர் எங்கே போகப்போகிறார், யார் பக்கத்தில் உட்காரப்போகிறார், மறுநாள் காலையில் என்ன செய்யப்போகிறார் என்று தெரியாமல் நீங்கள் விலையைப் பற்றிப் பேசக்கூடாது. அதுவும் அவர் பணத்தை மிச்சம் பிடித்துக் கொடுக்கிறேன் என்று கிளம்பவே கூடாது. வெள்ளத்தாய் அன்று நெட்டைக்குப் பணம் கொண்டுவந்திருந்தாள். ஏழை என்று முடிவு கட்டியது அவள் இல்லை, நான்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை அவள் மறுபடி வந்தாள். கூடவே கணவர் கருப்பையா. ஒல்லியான, பேசாத மனிதர். கடைக்குள் வரக் கூச்சப்பட்டுக்கொண்டு படியிலேயே நின்றார். நெட்டை, சதுரம், அவற்றின் மாற்று என்று நாலு பாட்டிலையும் எடுத்து வரிசையாக வைத்தேன். எந்த வார்த்தையும் சொல்லவில்லை.

"இந்த ரெண்டையும் கையில போட்டுப் பாக்கணும்ணே" என்று நெட்டையையும் சதுரத்தையும் காட்டினாள். இடது மணிக்கட்டில் நெட்டை ஒரு சொட்டு, வலதில் சதுரம் ஒரு சொட்டு. "சாயங்காலம் வர்றேன்" என்று சொல்லிவிட்டு இருவரும் சந்தைக்குப் போனார்கள். முதலாளி எட்டிப் பார்த்து, "அவ மொத வாங்குனதுக்குக் குடுத்தத வெலையில கழிச்சிரு" என்றார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்தார்கள். வலது கையைத் தானே முகர்ந்து பார்த்துவிட்டு, "இது இன்னும் கிடக்கு" என்றாள். பிறகு இடது கையைக் கணவர் பக்கம் நீட்டினாள். அவர் கடைவீதியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு குனிந்து முகர்ந்தார்.

"ஒண்ணும் இல்லையே" என்றார்.

"அப்ப இதையே குடுங்கண்ணே" என்றாள் அவள்.

நான் தாளில் சுற்றிக்கொண்டிருக்கும்போது அவர் தரையைப் பார்த்தபடி, யாரிடம் என்று இல்லாமல் சொன்னார்: "காலையில இருந்துச்சு. நல்லா இருந்துச்சு."